கொழுப்புக்குப் பொறுமை, கறிக்குப் புளிப்பு

ஆட்டுக்கறியை அருமையாகச் சமைப்பவர்கள்கூடப் பன்றிக்கறி என்று வந்ததும் தடுமாறிப் போகிறார்கள். கடையிலேயே கொழுப்பை எல்லாம் வெட்டி எடுத்துவிடச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மட்டன் குழம்புக்கு அரைக்கும் அதே மசாலாவை அரைத்து, குக்கரில் போட்டு ஏழெட்டு விசில் விடுகிறார்கள். திறந்து பார்த்தால் கறி நார் நாராக உலர்ந்து கிடக்கிறது, கூடவே ஒரு வாடை. இது நமக்கு ஒத்துவராது என்று அன்றோடு விட்டுவிடுகிறார்கள்.

பன்றிக்கறியின் ருசி கொழுப்பில்தான் இருக்கிறது. அது மெதுவாக உருக நேரம் வேண்டும். உருகிய பின் நாக்கில் கனக்காமல் இருக்க, அதை எதிர்த்து நிற்கிற ஒன்று வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அது புளிப்பு. குடகில் காச்சம்புளி, கோவாவில் கள்ளுக்காடி, இலங்கையில் கொறுக்காய், நாகாலாந்தில் புளித்த மூங்கில் குருத்து. சில ஊர்களில் புளிப்புக்குப் பதிலாக எள்ளின் கசப்பும் கற்கண்டின் இனிப்பும் அந்த வேலையைச் செய்கின்றன. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சமையலையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒன்று பிடிபட்டால் மற்றவை எளிதில் கைவந்துவிடும்.

கடையில் என்ன கேட்பது

தமிழ்நாட்டில் இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த வெண்பன்றி. லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் இனமும் அதன் கலப்பினங்களும்தான் அதிகம். சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் வெண்பன்றி வளர்ப்பில் நீண்ட காலமாக வேலை செய்து வருகிறது. தீவனம் போட்டுக் கொட்டிலில் வளர்க்கும் பண்ணையிலிருந்து வரும் கறியா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார். காட்டுப்பன்றிக் கறி என்று யாராவது ரகசியமாகத் தந்தால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி அதை வேட்டையாடுவது குற்றம்.

குழம்புக்கும் வறுவலுக்கும் கேட்க வேண்டியது முன்னங்காலும் தோள்பட்டையும் சேர்ந்த பகுதி. ஓயாமல் வேலை செய்த தசை அது. அதில் ஓடும் இணைப்புத் திசு மெதுவான சூட்டில் கரைந்து ஜெலட்டினாகி, சாற்றுக்குப் பிசுபிசுப்பையும் கறிக்கு மென்மையையும் தரும். வயிற்றுப்பகுதி அடுக்கடுக்காகக் கொழுப்பும் கறியுமாக இருக்கும், சீனச் சமையலுக்கு அதுதான். முதுகை ஒட்டிய மெல்லிய கறியில் கொழுப்பு குறைவு. கொழுப்பு வேண்டாம் என்பவர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள், குழம்பில் போட்டு உலர்த்தியும் விடுகிறார்கள். அந்தப் பகுதியைத் தட்டையாக வெட்டித் தோசைக்கல்லில் சட்டென்று வாட்டினால்தான் நன்றாக இருக்கும்.

நான் எப்போதும் 1 கிலோ கேட்கும்போது, முக்கால் பங்கு தோள்பட்டை, கால் பங்கு வயிற்றுப்பகுதி, இரண்டும் தோலோடு என்று சொல்லி வாங்குவேன். துண்டுகள் 3 செ.மீ. அளவில் இருக்கட்டும். பன்றிக்கறி வேகும்போது நன்றாகச் சுருங்கும், சின்னதாக வெட்டினால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நல்ல கறி இளஞ்சிவப்பாக, அழுத்தினால் மீண்டு எழுவதாக இருக்கும். கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். கொழுப்பு மஞ்சளடித்துப் பிசுபிசுத்தால் வேண்டாம். பலர் சொல்லும் அந்த மூத்திர வாடை எல்லாப் பன்றிக்கும் உரியதன்று. காயடிக்காமல் வளர்ந்த முதிர்ந்த ஆண் பன்றியின் கொழுப்பில் சேரும் வாடை அது. எத்தனை முறை கழுவினாலும் எவ்வளவு மசாலா போட்டாலும் போகாது. இளம் பன்றியா என்று கேட்டு வாங்குவதுதான் ஒரே வழி. தோலில் முடி மிச்சமிருந்தால் அடுப்புத் தீயில் நேராகக் காட்டிப் பொசுக்கி, கத்தியால் சுரண்டி, மஞ்சள்தூள் தேய்த்துக் கழுவுங்கள். குழாயடியில் தண்ணீர் தெறிக்கக் கழுவாமல் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக் கழுவுவது நல்லது.

புழுவைப் பற்றிய பயம்

பன்றிக்கறி சாப்பிட்டால் மூளையில் புழு வரும் என்ற பேச்சைக் கேட்காத வீடு இல்லை. பாதி உண்மையும் பாதி குழப்பமும் கலந்த பேச்சு இது. நாடாப்புழுவின் கூடு உள்ள கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் அந்தப் புழு நம் குடலில் வளரும். மூளையில் கட்டி உண்டாவது வேறு வழியில். குடலில் நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் அசுத்தமான தண்ணீர், கழுவாத கீரை, கழுவாத கை வழியாக இன்னொருவர் வாய்க்குள் போனால் அது நேரும். அதனால்தான் வாழ்நாளில் பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் அந்த நோய் வருகிறது. கறியை நன்றாக வேகவைப்பது குடலைக் காக்கும். கையையும் காய்கறியையும் கழுவுவது மூளையைக் காக்கும். இரண்டையும் செய்யுங்கள்.

பச்சைக் கறியின் சதைக்குள் ஜவ்வரிசி போன்ற வெண்மையான கொப்புளங்கள் தெரிந்தால் அதைச் சமைக்காமல் மொத்தமாக ஒதுக்கிவிட்டு, கடைக்காரரிடம் சொல்லுங்கள். வெட்டிய பலகையிலும் கத்தியிலும் அப்படியே வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்காதீர்கள்.

எவ்வளவு வெந்தால் போதும்? அமெரிக்க வேளாண் துறை 2011இல் முழுத் துண்டுக் கறிக்கான உள்வெப்பத்தை 63 டிகிரி செல்சியஸ், பிறகு 3 நிமிடம் ஆறவிடுவது என்று குறைத்தது. கொத்துக்கறிக்கு 71 டிகிரி. எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாத கறிக்கு நம் வீட்டில் 71 டிகிரியையே வைத்துக்கொள்வது நல்லது. குழம்பிலும் வறுவலிலும் இந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. முக்கால் மணி நேரம் கொதித்த கறி இந்த அளவை எப்போதோ தாண்டியிருக்கும்.

குக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேரமில்லாத நாளில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 12 நிமிடம் வைத்தால் தோள்பட்டைக் கறி வெந்துவிடும். அதற்கு மேல் வேண்டாம். பிறகு வாணலிக்கு மாற்றித் திறந்து வைத்துச் சுண்டவிட வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பு மேலே மிதக்கும், மசாலா கீழே தங்கும். நேரம் இருக்கிற நாளில் கனமான பாத்திரமும் சின்னத் தீயும்தான் என் தேர்வு.

முதலில் ஒரு வறுவல்

கொழுப்பை உருக்கும் கைப்பழக்கம் வர, நம் கிராமங்களில் செய்யும் மிளகு வறுவலில் தொடங்குங்கள். இதற்கு எண்ணெயே வேண்டாம். 1 கிலோ கறியில் கொழுப்பு அதிகமுள்ள துண்டுகளை மட்டும் முதலில் இரும்பு வாணலியில் போட்டு, கால் கப் தண்ணீர் ஊற்றி, சின்னத் தீயில் வையுங்கள். வெறும் வாணலியில் போட்டால் கொழுப்பு உருகும் முன்பே அடிபிடித்துவிடும் என்பதற்காகத்தான் இந்தத் தண்ணீர். கால் மணி நேரத்தில் தண்ணீர் வற்றி, கொழுப்பு தெளிந்து வாணலியில் நிற்கும். அதில் கிள்ளிய காய்ந்த மிளகாய் 8, உரித்த சின்ன வெங்காயம் 20, தட்டிய பூண்டு 10 பல், இரண்டு கொத்துக் கறிவேப்பிலை. வெங்காயம் நிறம் மாறியதும் மீதிக் கறி, அரை தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒன்றரை தேக்கரண்டி உப்பு. புரட்டி மூடுங்கள். கறியே தண்ணீர் விடும், போதாவிட்டால் கையளவு தெளித்துக்கொள்ளலாம். 40 நிமிடம் கழித்து மூடியைத் திறந்து, 1 மேசைக்கரண்டி மிளகும் 1 தேக்கரண்டி சீரகமும் கொரகொரப்பாக இடித்துப் போட்டு, ஓரங்கள் முறுகும்வரை வறுங்கள். மிளகைக் கடைசியில் போட்டால்தான் அதன் மணம் நிற்கும். இறக்கியதும் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். பிழிவதற்கு முன் ஒரு துண்டும் பின் ஒரு துண்டும் தின்று பாருங்கள். புளிப்பு இந்தக் கறிக்கு என்ன செய்கிறது என்பது அப்போதே தெரியும்.

மூலத்துக்கு நல்லது, உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்லி இந்த வறுவலை மருந்தாகச் செய்துகொடுக்கும் வழக்கம் ஊர்களில் உண்டு. நோய்க்கு மருத்துவரிடம் போங்கள். இதை ருசிக்காகச் சமையுங்கள்.

பன்றிக்கறி சாப்பிடுவதை வெளியில் சொல்லக் கூசுகிற நிலை இங்கே இன்னும் இருக்கிறது. அந்தக் கூச்சத்தில் பெரும்பங்கு சாதி கற்றுக்கொடுத்தது. இதைச் சமைத்து உண்ட மக்களைத் தாழ்த்தியவர்கள், அவர்கள் அடுப்பையும் சேர்த்தே தாழ்த்தினார்கள். கண்ணப்ப நாயனார் காளத்தியில் இறைவனுக்குப் படைத்தது தீயில் வாட்டி, தாமே சுவைத்துப் பார்த்த பன்றி இறைச்சிதான். பெரியபுராணம் அதை ஒளிக்கவில்லை. மத நம்பிக்கையால் இதை உண்ணாதவர்களின் விலக்கு வேறு, அதை மதிக்க வேண்டும். விருந்துக்கு அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள், அவர்களுக்குச் சமைக்கும் பாத்திரத்தையும் கரண்டியையும் தனியாக வையுங்கள்.

குடகின் கருப்புக் குழம்பு

தென்னிந்தியாவில் பன்றிக்கறியை மிகுந்த பெருமையோடு சமைப்பவர்கள் குடகு மலையின் கொடவர்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ஆயுதங்களுக்குப் பூ வைத்துக் கொண்டாடும் கைல்போள்து திருநாளில் பந்திக் கறி என்னும் பன்றிக் குழம்பும் கடம்புட்டு என்னும் அரிசி உருண்டையும் இல்லாத கொடவர் வீடு அரிது. இந்தக் குழம்பின் கருமை இரண்டு இடத்திலிருந்து வருகிறது, கருக வறுத்த மசாலாவிலிருந்தும் காச்சம்புளியிலிருந்தும்.

காச்சம்புளி என்பது குடம்புளிப் பழத்தின் சாறு. பழுத்த பழங்களைக் குவித்துவைத்து, வடியும் சாற்றைப் பிடித்து, கருத்துக் குழம்பாகும்வரை காய்ச்சுகிறார்கள். மடிகேரி, விராஜ்பேட்டைக் கடைகளில் பாட்டிலில் கிடைக்கும், ஒரு பாட்டில் பல மாதம் கெடாமல் இருக்கும். இதே பழத்தைத்தான் கேரளத்தில் புகையில் உலர்த்திக் குடம்புளி என்று மீன் குழம்பில் போடுகிறார்கள். இலங்கையில் கொறுக்காய் என்று உலர்த்திவைத்து, வறுத்த தூளோடு கருப்பாகச் சமைக்கும் பன்றிக் கறியில் சேர்க்கிறார்கள். காச்சம்புளி கிடைக்காவிட்டால் 6 துண்டு குடம்புளியை 1 கப் வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கால் கப்பாகும்வரை சுண்டக் காய்ச்சிக்கொள்ளுங்கள். முழுதும் அதே ருசி வராது, ஆனால் அருகில் வரும். நம் சாம்பார்ப் புளியை மட்டும் போடாதீர்கள். அதன் இனிப்புக் கலந்த புளிப்பு இந்தக் குழம்பை வேறு எதுவாகவோ ஆக்கிவிடும்.

1 கிலோ தோலோடு கூடிய கறியில் அரை தேக்கரண்டி மஞ்சள்தூள், 2 தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒன்றரை தேக்கரண்டி உப்பு பிசிறி அரை மணி நேரம் வையுங்கள். 3 பெரிய வெங்காயம், 12 பல் பூண்டு, பெருவிரல் அளவு இஞ்சி, 5 பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை இவற்றைக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். கனமான பாத்திரத்தில் 1 மேசைக்கரண்டி எண்ணெயில் இந்த விழுதைப் பச்சை வாசம் போக வதக்கிக் கறியைச் சேர்த்துப் புரட்டி, ஒன்றரை கப் வெந்நீர் ஊற்றி மூடி, சின்னத் தீயில் 45 நிமிடம் விடுங்கள்.

அதற்குள் மசாலாவை வறுக்கலாம். இதில்தான் கவனம் தேவை. 2 மேசைக்கரண்டி தனியா, 1 மேசைக்கரண்டி மிளகு, 1 மேசைக்கரண்டி சீரகம், 1 தேக்கரண்டி கடுகு, கால் தேக்கரண்டி வெந்தயம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தனியா நிறம் மாறுவதற்குள் சீரகம் தீய்ந்துவிடும், ஆகையால் தனித்தனியாக வறுக்க வேண்டும். வழக்கமாக நாம் பொன்னிறத்தில் இறக்குவோம். இங்கே அதைத் தாண்டிப் போக வேண்டும். தனியாவும் சீரகமும் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்து புகை லேசாக எழும்பும்போது உடனே தட்டில் கொட்டுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கரிந்துவிடும். வெந்தயத்தை மட்டும் சிவந்ததும் இறக்கிவிடுங்கள், கருத்தால் குழம்பு முழுக்கக் கசக்கும். ஆறியதும் நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள்.

கறி முக்கால் பதம் வெந்ததும் இந்தப் பொடியைத் தூவிக் கலந்து, மேலும் 20 நிமிடம். கறி கரண்டியால் அழுத்தினால் பிளக்க வேண்டும், தோல் அல்வாப் பதத்தில் தளதளக்க வேண்டும். கடைசி 5 நிமிடத்தில் 1 மேசைக்கரண்டி காச்சம்புளி. முதலில் குறைவாக ஊற்றி, ருசி பார்த்து, வேண்டுமானால் இன்னும் அரைக் கரண்டி. சாறு கெட்டியாக, துண்டுகளைப் போர்த்தியபடி நிற்க வேண்டும்.

தொட்டுக்கொள்ளக் கடம்புட்டு. 1 கப் அரிசி நொய்யை இரண்டேகால் கப் கொதிநீரில் உப்புப் போட்டுக் கிளறி, தண்ணீர் வற்றியதும் மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து, இட்லிப் பானையில் 15 நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். உருண்டையைப் பிய்த்துக் குழம்பில் புரட்டித் தின்ன வேண்டும்.

கோவாவின் வின்டாலு

1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசியர், இறைச்சியைத் திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறவைத்துக் காக்கும் தங்கள் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். திராட்சை மதுவின் இடத்தில் இங்கே தென்னங்கள்ளிலிருந்து புளித்த காடி வந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் கப்பலில் வந்த மிளகாயும் சேர்ந்தது. உணவகங்களில் வின்டாலு என்ற பெயரில் உருளைக்கிழங்கு போட்டு, நாக்கு எரியும் காரத்தில் தருவதை மறந்துவிடுங்கள். கோவா வீடுகளில் செய்வதில் உருளைக்கிழங்கு கிடையாது. காரத்துக்கு மேலே புளிப்பும் பூண்டும் தெரிய வேண்டும்.

12 காஷ்மீரி மிளகாயை விதை நீக்கி, 100 மி.லி. கள்ளுக்காடியில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அதனோடு 12 பல் பூண்டு, 2 செ.மீ. இஞ்சி, 1 தேக்கரண்டி சீரகம், அரை தேக்கரண்டி மிளகு, 6 கிராம்பு, விரல் நீளப் பட்டை, அரை தேக்கரண்டி மஞ்சள்தூள் சேர்த்து, தண்ணீர் விடாமல் காடியிலேயே வெண்ணெயாக அரையுங்கள். கடையில் கிடைக்கும் செயற்கை வினிகர்தான் இருக்கிறது என்றால் 60 மி.லி. போட்டு மீதிக்குத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள், அதன் புளிப்பு முரடானது. 1 கிலோ கறியில் உப்பும் இந்த விழுதும் பிசிறி, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். அலுமினியமும் இரும்பும் காடியோடு சேர்ந்தால் உலோக ருசி ஏறும், எனவே ஊறவைக்கவும் சமைக்கவும் அவை வேண்டாம். மண்சட்டி இருந்தால் மிக நல்லது.

மறுநாள் 2 வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, 2 மேசைக்கரண்டி எண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்குங்கள். கறியை விழுதோடு சேர்த்து, அது விடும் தண்ணீரிலேயே கால் மணி நேரம் புரட்டிவிட்டு, அரை கப் வெந்நீர் ஊற்றி மூடி, மிகச் சின்னத் தீயில் ஒரு மணி நேரம். இறக்கும் முன் 1 தேக்கரண்டி வெல்லம் போட்டால் காடியின் கூர்மை தணியும்.

செய்த அன்றைக்கே சாப்பிட்டால் பாதி ருசிதான். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சூடாக்கிச் சாப்பிடுங்கள். விருந்துக்கு இதைவிட வசதியான கறி கிடையாது, விருந்தாளிகள் வரும் நேரத்தில் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. கோவாவில் பாவ் ரொட்டியோடு சாப்பிடுவார்கள். நம் ஆப்பம், இடியாப்பம் இரண்டுக்கும் பொருந்தும்.

திருச்சூரும் திருநெல்வேலியும்

திருச்சூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் பன்றிக்கறியோடு கூர்க்கக் கிழங்கைச் சேர்த்துச் சமைப்பார்கள். அது நமக்குத் தெரிந்த சிறுகிழங்குதான். திருநெல்வேலிச் சீமையில் பொங்கலுக்கு இது இல்லாமல் சமையல் இல்லை. மார்கழி, தையில் கிழங்கு வரும்போதே இதைச் செய்துவிட வேண்டும். கொழுப்பை உறிஞ்சிக்கொள்ள இந்தக் கிழங்குக்கு நிகரான காய் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அரை கிலோ கிழங்கைத் தண்ணீரில் ஊறவைத்து, கோணிப்பையில் போட்டுத் தரையில் அடித்துத் தேய்த்தால் தோல் போய்விடும், கையில் கறையும் ஏறாது. 1 கிலோ கறியில் 2 தேக்கரண்டி மிளகாய்த்தூள், 2 மேசைக்கரண்டி தனியாத்தூள், 1 தேக்கரண்டி மிளகுத்தூள், அரை தேக்கரண்டி மஞ்சள்தூள், இடித்த இஞ்சி பூண்டு, நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய்க் கொத்து அரை கப், கறிவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் கையால் அழுத்திப் பிசைந்து, அரை கப் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றுங்கள். அரை மணி நேரத்தில் கிழங்கைச் சேர்த்து, அது வெந்ததும் மூடியை எடுத்துவிட்டு, உருகிய கொழுப்பிலேயே வறண்டு சுருளும்வரை புரட்ட வேண்டும். தேங்காய்க் கொத்து பொன்னிறமாகிக் கறியோடு சேர்ந்து கடிபடும்போது இருக்கும் ருசிக்காகவே மெனக்கெடலாம். கிழங்கு இல்லாத மாதங்களில் கிழங்கை விட்டுவிட்டு மற்றதை அப்படியே செய்யுங்கள்.

எள்ளில் ஒரு கறி

மேகாலயாவின் காசி மக்கள் செய்யும் தோ நெய்யோங், தமிழ் வீட்டில் உள்ள பொருள்களாலேயே செய்யக்கூடியது, ஆனால் நாம் நினைத்தும் பார்த்திராதது. அரை கிலோ கறியை உப்பு, மஞ்சள்தூளோடு 2 கப் தண்ணீரில் மென்மையாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் வையுங்கள். 4 மேசைக்கரண்டி கருப்பு எள்ளை வெறும் வாணலியில் பொரிய வறுத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மைபோல அரையுங்கள். கடுகெண்ணெயைப் புகைய விட்டு, வெங்காயமும் இஞ்சி பூண்டு விழுதும் 4 பச்சை மிளகாயும் வதக்கி, கறியைச் சேர்த்து வறுத்து, எள் விழுதையும் வெந்த தண்ணீரையும் ஊற்றிக் கெட்டியாகும்வரை கொதிக்க விடுங்கள். மிளகாய்த்தூளோ தனியாவோ கிடையாது. எள்ளை அதிகம் வறுத்தால் கசப்பு மீறும், வெடிக்கும் ஒலி அடங்கும்போது இறக்கிவிடுங்கள். கருப்பாக, பார்க்க முரடாக இருக்கும் இந்தக் கறி வெறும் சோற்றோடு மட்டும் சாப்பிட வேண்டியது. பக்கத்தில் ரசமும் கூட்டும் வைத்தால் இதன் மணம் அமுங்கிவிடும்.

நாகர்கள் அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகையேற்றிய கறியை அக்குனி என்ற புளித்த சோயாவோடும் மூங்கில் குருத்தோடும் சமைப்பார்கள். அடுக்குமாடிச் சமையலறையில் புகையேற்ற முயலாதீர்கள். வடகிழக்குப் பொருள்கள் விற்கும் கடைகள் பெருநகரங்களில் இருக்கின்றன. அங்கே புகையூட்டிய கறி கிடைத்தால் வெந்நீரில் ஊறவைத்து, மூங்கில் குருத்து, தக்காளி, பச்சை மிளகாய் மட்டும் போட்டு எண்ணெயில்லாமல் வேகவையுங்கள்.

சீனத்தின் சிவந்த கறி

சீனக் கவிஞர் சு துங்போ (1037-1101) அரசின் கோபத்துக்கு ஆளாகி, 1080இல் ஹுவாங்சோ என்ற ஊருக்கு ஒதுக்கப்பட்டார். அங்கே மலிவாகக் கிடைத்த பன்றிக்கறியைக் குறைந்த தண்ணீரில், அடங்கிய தீயில், அவசரப்படாமல் வேகவைப்பது பற்றி எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் ஒரு பன்றிக் கறி அழைக்கப்படுகிறது. அவர் சொன்ன முறைதான் சீன வீடுகளில் செய்யும் ஹோங்ஷாவ் ரோவுக்கும் அடிப்படை. இதில் புளிப்பு இல்லை. கற்கண்டும் சோயா சாஸும் சேர்ந்து கொழுப்பைச் சமன் செய்கின்றன.

முக்கால் கிலோ வயிற்றுப்பகுதியைத் தோலோடு சதுரங்களாக வெட்டி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றி, கொதி வந்து 3 நிமிடம் ஆனதும் நுரை படிந்த அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கறியைக் கழுவிவிடுங்கள். எந்த ஊர்ச் சமையலாக இருந்தாலும், வாடை பிடிக்காதவர்கள் இந்த ஒரு வேலையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். 1 மேசைக்கரண்டி எண்ணெயில் 3 மேசைக்கரண்டி கற்கண்டுத் தூளைச் சின்னத் தீயில் உருக்குங்கள். தேன் நிறம் வந்ததும் கறியைப் போட்டுப் புரட்டுங்கள், தெறிக்கும், கொஞ்சம் விலகி நில்லுங்கள். 4 வட்டம் இஞ்சி, 2 அன்னாசிப்பூ, ஒரு துண்டுப் பட்டை, 2 மேசைக்கரண்டி லைட் சோயா சாஸ், 1 மேசைக்கரண்டி டார்க் சோயா சாஸ், கறி மூழ்கும் அளவு வெந்நீர். அரிசி மது சேர்ப்பது வழக்கம், இல்லாவிட்டாலும் கறி நன்றாகவே வரும். மூடி ஒன்றேகால் மணி நேரம் விட்டு, பிறகு தீயைக் கூட்டிச் சாறு கண்ணாடிபோல் பளபளக்கும்வரை சுண்டவையுங்கள். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், சோயா சாஸே போதுமானதாக இருக்கலாம். நான்கு பேருக்கு இந்த அளவு தாராளம். இரண்டு மூன்று துண்டும் சோறும் வதக்கிய கீரையுமே சரியான அளவு.

அரைக்க நேரமில்லாத நாளில்

பிலிப்பைன்ஸ் மக்களின் அடோபோ. 1 கிலோ கறி, அரை கப் காடி, கால் கப் சோயா சாஸ், ஒரு முழுப் பூண்டின் பற்கள் தட்டியது, 1 தேக்கரண்டி முழு மிளகு, 3 பிரிஞ்சி இலை, 1 கப் தண்ணீர். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். காடி நன்றாகக் கொதித்து அதன் நெடி அடங்கும்வரை மூடவோ கிளறவோ வேண்டாம். பிறகு மூடி, சின்னத் தீயில் 50 நிமிடம். கறியை எடுத்து அதன் கொழுப்பிலேயே சிவக்க வறுத்து, சாற்றைச் சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள். வேலைக்குப் போய்வந்து செய்யக்கூடியது, காடி இருப்பதால் இரண்டு மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தாலும் ருசி குறையாது.

மிஞ்சும் கொழுப்பு

குழம்பு ஆறியதும் மேலே வெள்ளையாக உறையும் கொழுப்பைப் பலர் சுரண்டிக் குழாயடியில் கொட்டுகிறார்கள். அது கழிவுக் குழாயை அடைக்கும், நல்ல பொருளும் வீணாகும். கறி வாங்கும்போதே தனிக்கொழுப்பு கால் கிலோ கேட்டு வாங்கி, சிறு துண்டுகளாக்கி, கொஞ்சம் தண்ணீரோடு ஒரு மணி நேரம் சின்னத் தீயில் உருக்கி, துணியில் வடிகட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். மசாலா படாத கொழுப்பு குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று மாதம் கெடாது. வடிகட்டியில் மிஞ்சும் முறுகிய துணுக்குகளில் உப்பும் மிளகுத்தூளும் தூவினால் அப்போதே தின்றுவிடலாம். மசாலாக் குழம்பிலிருந்து எடுத்த கொழுப்பு நான்கு நாளைக்குத்தான் தாங்கும். அதற்குள் உருளைக்கிழங்கு வறுக்கவோ, பழைய சோற்றைத் தாளிக்கவோ, முட்டை பொரிக்கவோ பயன்படுத்திவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் எதற்கும் தேவைப்படாது. இதுவும் முழுக் கொழுப்புதான் என்பதால், இதைப் போடுகிற நாளில் வேறு எண்ணெயைச் சேர்க்காதீர்கள்.